மடிவீக்கத்துக்குக் கற்றாழைப் பற்று: அளவு சரி, கறவை சரியா?

கேள்வி: ஐயா, திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். கன்று போட்டு இருபது நாளான ஜெர்சி கலப்புப் பசுவுக்கு, பின்மடி வலப்பக்கம் கல்லாக வீங்கிப் பால் திரிதிரியாக வருகிறது. மாமியார் சொன்னபடி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். மருந்துக்கடையில் கொடுத்த, காம்புத் துளைக்குள் ஏற்றும் மருந்து டியூபும் இரண்டு ஏற்றினோம். வடிந்த வீக்கம் திரும்ப வந்துவிட்டது. கற்றாழை மருந்துக்கு என்ன அளவு?

பதில்: அம்மா, முள் சீவிய சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், வெற்றிலைச் சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் சிவந்து வரும். மடியைக் கழுவி, கெட்ட பாலை ஒட்டக் கறந்து கீழே விடாமல் பாத்திரத்தில் பிடித்துக் கொட்டுங்கள். ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவுங்கள். நாளுக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். விழுது தினமும் புதிதாக அரைக்க வேண்டும். கூடவே இரண்டு எலுமிச்சையை அரிந்து காலையும் மாலையும் மூன்று நாள் தின்னக் கொடுங்கள்.

நீங்கள் பூசியதில் கற்றாழை இல்லை, சுண்ணாம்புக்கு அளவும் இல்லை. சுண்ணாம்பு கூடினால் காம்புத் தோல் வெந்து வெடிக்கும், வெடிப்பில் கிருமி தங்கும். ஒரு நாளைக்கு ஒரு முறை கெட்டியாக அப்பிக் காயவிடுவதிலும் பயனில்லை.

நோய் திரும்ப ஏன் வந்தது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கறந்து முடித்ததும் காம்புத் துளை அரைமணி நேரமாவது மூடாமல் இருக்கும். அந்த நேரத்தில் மாடு ஐப்பசி, கார்த்திகை ஈரக் கொட்டகையில் சாணியின் மேல் படுத்தால் என்ன மருந்தும் நிற்காது. ஆகவே தீவனத்தைக் கறக்கும் முன்னே கொடுத்துவிடாதீர்கள். கறந்தபின் வைக்கோலோ பசும்புல்லோ போடுங்கள். தின்றுகொண்டே நிற்கும். நம் களிமண் தரையில் தண்ணீர் இறங்காது. மாடு படுக்கும் இடத்தை அரையடி உயர்த்தி மணல் கொட்டுங்கள். இந்தச் செலவுக்கு யோசிப்பவர்கள்தான் டியூபுக்குக் கணக்கில்லாமல் கொடுக்கிறார்கள்.

கட்டைவிரலை மடக்கி இழுத்துக் கறந்தால் காம்பின் உள்தசை நைந்துபோகும். முழுக்கையால் பிடித்துக் கறங்கள். நல்ல காம்புகளை முதலில் கறந்து, நோயுள்ளதைக் கடைசியில் கறந்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கன்றை அந்தக் காம்பில் ஊட்ட விடாதீர்கள்.

மருந்துக்கடைக்காரர் மாட்டைப் பார்க்காமல் கொடுக்கும் டியூபை வாங்கவே வாங்காதீர்கள். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து என்பது அவருக்குத் தெரியாது. காம்பு நுனியைத் துடைக்காமல் ஏற்றினால் வெளியில் உள்ள கிருமியையும் சேர்த்தே உள்ளே தள்ளுகிறீர்கள். ஏற்ற வேண்டிய நாள் முழுக்க ஏற்றாமல் இரண்டோடு நிறுத்தினால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். ஏற்றிய மாட்டின் பாலை டியூபில் குறித்த நாள்வரை பால் சொசைட்டிக்கும் ஊற்றக்கூடாது, வீட்டிலும் காய்ச்சக்கூடாது.

இனித் தினமும் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். வீக்கம் வருமுன்னே திரி தெரியும்.

மடி நீலம் பாரித்துச் சில்லிட்டாலும், பால் இரத்தமாகவோ தண்ணீராகவோ வந்தாலும், 103 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு மாடு தீவனம் எடுக்காவிட்டாலும் விழுதை நம்பி இருக்காதீர்கள். அன்றைக்கே 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள்.