'பிக் ஐஸ்' மார்கரெட் பத்து வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை?

'பிக் ஐஸ்' படத்தில் வருகிற மாதிரி, தன் ஓவியங்களைக் கணவன் தன்னுடையவை என்று சொல்லி விற்கும்போது ஒரு பெண் பத்து வருடம் சும்மா இருப்பாளா, நம்பும்படி இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். இதே மாதிரி வேறு படங்கள் இருந்தால் சொல்லச் சொல்லியும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக நம்பலாம். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு அந்தப் பத்து வருடம் குறைச்சலாகத்தான் பட்டது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 2014இல் டிம் பேர்ட்டன் எடுத்த படம். மார்கரெட் கீனாக ஏமி ஆடம்ஸ், கணவர் வால்டராக கிறிஸ்டோஃப் வால்ட்ஸ். மார்கரெட் கற்பனைப் பாத்திரமல்ல. 1927இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் பிறந்தவர், 2022இல் தன் 94ஆவது வயதில்தான் காலமானார். சின்ன வயதில் நடந்த ஒரு சத்திரசிகிச்சையில் செவிப்பறை பழுதாகி, ஆட்கள் சொல்வதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய கண்ணையே பார்த்துப் பழகியவர். அவர் வரைந்த பிள்ளைகளுக்கெல்லாம் முகத்தில் பாதி கண்ணாக இருப்பதற்கு அவரே சொன்ன காரணம் இது. முதல் கல்யாணம் முறிந்து, கையில் ஒரு பெண்பிள்ளையோடு சான் பிரான்சிஸ்கோவில் இருந்தவர் 1955இல் வால்டரைக் கட்டிக்கொண்டார்.

இனி உங்கள் கேள்விக்கு. வால்டர் ஒருநாள் காலையில் எழுந்து "இனிமேல் உன் படமெல்லாம் என்னுடையது" என்று அறிவித்திருந்தால் மார்கரெட் அன்றைக்கே கிளம்பியிருப்பார். அப்படி நடக்கவில்லை. 'ஹங்ரி ஐ' என்ற இரவு விடுதியில் இவர் படங்களை வால்டர் மாட்டி விற்கிறார். யாரோ வந்து "நீங்கள் வரைந்ததா?" என்று கேட்கிறார்கள், அவர் ஆமாம் என்கிறார். மனைவிக்கு இது தெரியாது. ஒருநாள் இரவு கணவரோடு அங்கே போனபோது, "நீங்களும் வரைவீர்களா?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் மார்கரெட்டுக்கு விஷயமே புரிந்தது. வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருக்கிறார். நமக்குப் பணம் வேண்டும், வரைந்தவனோடு பேசுகிறோம் என்று நினைத்தால்தான் ஆட்கள் வாங்குவார்கள், இப்போது மாற்றிச் சொன்னால் வாங்கினவர்கள் எல்லாரும் வழக்குப் போடுவார்கள் என்று வால்டர் வரிசையாக நியாயம் சொல்கிறார். ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது! அதற்குப் பிறகு மறைக்க வேண்டியது இரண்டு பேருக்கும் பொதுவாகிவிடுகிறது. பெற்ற மகளிடமே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, நாளைக்குப் பதினாறு மணிநேரம் வரைந்தேன் என்று பிற்காலத்தில் மார்கரெட் சொன்னார்.

நான் இந்தப் படத்தை அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது, நான்தான் இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் அம்மா நிறுத்தச் சொல்லிக் கேட்டார்.

"படத்துக்கு அடியில கையெழுத்துப் போட்டது யாரு?"

"அவதான்மா."

"என்னான்னு போட்டிருக்கா?"

"கீன்னு. புருஷன் வீட்டுப் பேரு."

"அப்ப கேஸ் நிக்காது. சரி, படத்தப் போடு."

வக்கீலுக்குப் படித்தவர் இல்லை என் அம்மா. ஆனால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று சரியாகப் பிடித்துவிட்டார். அந்த ஒற்றைப் பெயருக்குள் இரண்டு பேரும் அடங்குவார்கள். வெளியே போய்ப் பேசுகிறவர் யாரோ அவருக்கே அது சொந்தமாகிவிடும்.

எங்கள் தோட்டங்களில் இதற்குப் பழகிய வழி ஒன்று இருந்தது. விடியக்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையேறிக் கொழுந்து பறிக்கிறவள் பெண். சம்பளத்தன்று போய் அவளுடைய காசையும் சேர்த்து வாங்கிவருவது அப்பாவோ புருஷனோ. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று வந்ததே 1984இல்தான். வந்த பிறகும் பல வீடுகளில் வாங்குகிற கை மாறவில்லை. இதை யாரும் களவு என்று சொன்னதில்லை. என் அம்மாச்சி "அவரு போயி வாங்கியாந்துருவாரு, நமக்கு அலைச்சல் மிச்சம்" என்றுதான் சொல்வார். அப்படிச் சொன்ன ஆள் தன் உழைப்பின் மதிப்புத் தெரியாதவர் இல்லை. கொழுந்து நிறுவையில் அரைக் கிலோ குறைத்துப் போட்டால், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையை அந்த இடத்திலேயே கிழித்துத் தொங்கவிடுவார். வெளியாளிடம் அவ்வளவு வாய், வீட்டுக்குள்ளே இப்படி. "ஏன் பேசவில்லை?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கணக்கில் எடுப்பதில்லை.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் டீச்சர். முதல் நியமனம் போன பாடசாலையில் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு வில்லுப்பாட்டு எழுதினேன், மெட்டும் நானே போட்டேன். பிள்ளைகள் நன்றாகச் செய்து மாகாண மட்டம் வரை போனார்கள். பாடசாலை மலரில் 'ஆக்கம்' என்ற இடத்தில் இன்னொரு மூத்த ஆசிரியரின் பெயர் அச்சாகி வந்தது. கேட்டதற்கு, "எல்லாம் நம்ம பாடசாலைப் பேருக்குத்தானே டீச்சர்" என்றார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது? பேசினால் நான்தான் பாடசாலைப் பேரைக் கெடுக்க வந்தவள். வால்டர் சொன்ன "நமக்கு"வும் இதே ரகம்தான்.

இனிப் படத்தில் எனக்குப் பிடிக்காதது. கிறிஸ்டோஃப் வால்ட்ஸ் ரொம்பவே ஆடிவிட்டார். வால்டர் வரும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டால் ஆள்மேல் பயம் போய்விடும். வெளியே சொன்னால் உன்னையும் உன் மகளையும் ஆள் வைத்துக் கொன்றுவிடுவேன் என்று வால்டர் மிரட்டியதாக மார்கரெட் பேட்டியில் சொல்லியிருக்கிறார். படத்தில் வால்டர் குடித்துவிட்டு, தாயும் மகளும் இருக்கும் அறைக்குள் தீக்குச்சி கிழித்துப் போடும் ஒரு காட்சி உண்டு. அந்த ஒரு காட்சியில்தான் எனக்கு வயிறு கலங்கியது. மற்ற நேரமெல்லாம் அவர் ஒரு கோமாளி.

ஆனால் ஒன்றைப் படம் நேர்மையாகவே காட்டுகிறது. வால்டருக்கு வரையத்தான் வராது, வியாபாரம் நன்றாக வரும். ஓவியத்தை வாங்க வசதியில்லாதவன் அதன் போஸ்டரையாவது வாங்குவான் என்று கண்டுபிடித்தவர் அவர். அவர் இல்லாவிட்டால் இந்தப் பெரிய கண் பிள்ளைகள் அமெரிக்காவின் வீடுகளுக்குள் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது சந்தேகம்தான். விற்றவன் என்று மட்டும் சொல்லியிருந்தாலே அவருக்குப் பெயர் இருந்திருக்கும். அது அவருக்குப் போதவில்லை.

ஓவியங்களைப் பற்றி என் அபிப்பிராயமா? எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சலூன் சுவரில் தொங்கும் அழுகைப்பிள்ளைப் படங்களின் ஞாபகம்தான் வருகிறது. 1964 நியூயோர்க் உலகக் கண்காட்சிக்கென்று ஒரு பெரிய ஓவியம் போனபோது, நியூயோர்க் டைம்ஸின் விமர்சகர் ஜோன் கனடே அதைக் கிழிகிழியென்று கிழித்தார், கண்காட்சிக்காரர்களும் அதைக் கழற்றிவிட்டார்கள். அந்த ஏச்சும் வால்டர் பேரில்தான் விழுந்தது. தான் வரைந்ததற்குத் திட்டு வாங்கக்கூட மார்கரெட்டுக்கு உரிமையில்லாமல் இருந்தது. படைப்பு சுமாராக இருந்தால் யார் வரைந்தால் என்ன என்று கேட்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதே வருடம் அவர் வீட்டை விட்டு வெளியேறினார், 1965இல் விவாகரத்து, பிறகு ஹவாய். 1970இல் வானொலியில் உண்மையைச் சொன்னார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது இடத்தில் இரண்டு பேரும் வரைந்து காட்டட்டும் என்று ஒரு நிருபர் ஏற்பாடு செய்தார், வால்டர் வரவில்லை. 1986இல் ஹொனலூலு நீதிமன்றத்தில், வால்டர்மேல் மார்கரெட் போட்ட அவதூறு வழக்கு. நீதிபதி இரண்டு பேரையும் அங்கேயே வரையச் சொன்னார். வால்டருக்குத் தோள்பட்டை வலியாம்! மார்கரெட் 53 நிமிடத்தில் முடித்துவிட்டார். ஜூரிகள் 40 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். அம்மா அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து, "பாத்தியா, கை பேசுது" என்றார். கேஸ் நிற்காது என்று தான் சொன்னதை வசதியாக மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்தக் காட்சியைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான், பின்னாலேயே ஒரு வயிற்றெரிச்சலும் வந்தது. மார்கரெட் உயிரோடு இருந்தார், அதே கண்ணைத் திரும்ப வரைய முடிந்தது, வரைந்து காட்டச் சொல்ல ஒரு நீதிபதியும் இருந்தார். எங்கள் மலையில் பாட்டுக் கட்டியவர்களுக்கு இதில் எதுவுமே அமையவில்லை. தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்து மலையில் அண்ணனைப் பறிகொடுத்த தங்கச்சி, அந்த மலையைக் கையைக் காட்டிப் பாடுகிற பாட்டு மலையகத்தில் ஊரறிந்தது. மேடை நாடகத்திலும் வருகிறது, கட்டுரையிலும் வருகிறது. அதைக் கட்டியவள் யார், எந்தத் தோட்டத்துக்காரி என்று கேட்டால் பதிலில்லை. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்திருக்காவிட்டால் பல பாட்டுகள் பாடினவர்களோடேயே போயிருக்கும். தொகுத்தவருக்கு அந்தப் பெருமை நியாயம்தான், அதில் எனக்கு வழக்கில்லை. பெயர் பதிவானவர்களின் கதையும் பெரிதாக வேறில்லை. தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடிய மீனாட்சியம்மாளைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது, முதலில் தோட்டத் தொழிற்சங்க முன்னோடியான "கோ. நடேசய்யரின் மனைவி" என்றுதான் எனக்கே வாயில் வருகிறது. அப்படிச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு ஆள் பிடிபடுகிறது.

படம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவதூறு நடந்தது உண்மை என்ற தீர்ப்பை வைத்துக்கொண்டு, அந்த 40 இலட்சத்தை மட்டும் தள்ளுபடி செய்தது. மார்கரெட்டுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. வால்டர் 2000இல் சாகும்வரை படங்கள் தன்னுடையவை என்றே சாதித்தார்.

வேறு படங்கள் கேட்டீர்கள். 2018இல் வந்த 'கொலெட்' பாருங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் கொலெட்டின் முதல் நாவல்கள் கணவர் வில்லியின் பெயரில் வந்த கதை. கெய்ரா நைட்லி நடித்தது, புருஷன்காரன் இதில் இன்னும் நம்பும்படியான ஆள். 1988இல் வந்த 'கமில் க்ளோடெல்' வேறு விதம். சிற்பி ரோதானின் மாணவியாகவும் காதலியாகவும் இருந்து, கடைசி முப்பது வருடத்தை மனநோயாளர் விடுதிகளில் கழித்தவரின் கதை. இசபெல் அஜானியின் நடிப்புக்காகவே பார்க்கலாம். ஆனால் கிட்டத்தட்ட மூன்று மணிநேரம் ஓடும். அடுத்த நாள் வேலை இருந்தால் இரவில் தொடங்காதீர்கள்.