கண்மாயைத் தோண்டுமுன்

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊர்க் கண்மாயை நண்பர்கள் சேர்ந்து சீரமைக்க எண்ணியிருக்கிறோம். சித்திரையில் பொக்லைன் வைத்து, நீர் தேங்கும் உள்வாய் முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டி, கருவேல மரங்களை அகற்றுவதாகத் திட்டம். மழைக்காலத்தில் நாரைகள் வந்து தங்கும் கண்மாய் அது. 'மரத்தில் கைவைக்காதீர்கள்' என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். யார் சொல்வது சரி?

ம.

அன்புள்ள ம.,

நான் பெரியவர்கள் பக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'ஒரே ஆழமாக' என்ற சொல். கண்மாய் மடையருகே ஆழமாகவும் நீர் வந்து சேரும் பக்கம் போகப்போக மேடாகவும் இருக்கும். கணுக்காலளவே நீர் நிற்கும் அந்த மேட்டில்தான் உள்ளானும் கொக்கும் அரிவாள்மூக்கனும் நடந்து இரை தேட முடியும். அதை ஆளுயரத்துக்குத் தோண்டிவிட்டால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மிஞ்சும்; மற்றவை வேறு ஊர் பார்த்துப் போய்விடும். மடை மட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது என்பதால் விவசாயிக்கும் அதில் பெரிய ஆதாயமில்லை.

சித்திரையும் தவறான மாதம். வறண்ட கண்மாய்த் தரையில் ஆள்காட்டி முட்டையிடும் பருவம் அது. கூடு என்று எதுவும் கட்டாது. சரளைக்கற்களுக்கு நடுவே சிறு குழியில், மண்நிறத்தில் கரும்புள்ளியிட்ட நான்கு முட்டைகள் கிடக்கும். தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்ற, காலடியில் கிடந்த முட்டைகளைக் காணாமல் நான் வெகுநேரம் தேடியிருக்கிறேன். பொக்லைன் ஓட்டுபவர் கண்ணுக்கு அவை எப்படித் தென்படும்?

கருவேலம் என்று எழுதினீர்களே, எந்தக் கருவேலம்? மஞ்சள் பந்து போன்ற பூவும் மணிமாலை போலக் கணுக்கணுவாய் இறுகிய காயும் இருந்தால் அது நாட்டுக் கருவேலம். நாரைகள் விரும்பிக் கூடு கட்டும் அந்த மரத்தைத் தொடவே கூடாது. பூ கதிர்போல நீண்டிருந்தால் சீமைக் கருவேலம். அதை அகற்றலாம், ஆனால் கூடுள்ள மரத்தை விட்டுவிட்டு, பருவம் முடிந்தபின், வேரோடு. வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டை மறுபடி துளிர்த்துவிடும்.

உங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி இருக்கிறது. 1977இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பக்கத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. (இயற்கையைக் காக்க எதையேனும் செய்தே ஆகவேண்டும் என்று துடிக்கும் நமக்கு, ஒன்றைச் செய்யாமலிருப்பது கடினமாகத்தான் இருக்கிறது.)

உழைத்தே தீருவோம் என்றால், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்குப் போங்கள். அங்கே சேர்ந்திருக்கும் குப்பையையும் அடைப்பையும் மண்வெட்டியாலேயே அகற்றலாம். அதற்கும் அனுமதி வேண்டும்: கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதன் நீர் பாயும் வயல்பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறையிடமும், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் மனுக்கொடுங்கள். பொங்கலையொட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில், கரையில் கால்மணி நேரம் நின்று பார்த்தவற்றைப் பதிவு செய்யுங்கள். பின்னாளில் யாராவது அங்கே பொக்லைன் கொண்டுவந்தால் அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கும்.

கருவேலம் எந்த வகை என்பதை மட்டும் பார்த்து எழுதுங்கள்.