உனக்கு உடம்புக்கு என்ன?

கேள்வி: எனக்கு 34 வயது. திருமணமாகவில்லை, பெற்றோருடன் இருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 வருடமாக வேலை. இரண்டு வருடமாக விடுமுறை நாட்களில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை கற்றுக்கொள்கிறேன். பட்டறைக்காரர் முழுநேரமாக வந்துவிடச் சொல்கிறார். சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிதான். என் மனம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஆனால், "இவ்வளவு படித்துவிட்டு இழைப்புளி பிடிக்கப் போகிறாயா" என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். அப்பாவின் மருத்துவச் செலவு என் பொறுப்பு. ராஜினாமா கடிதம் எழுதி அண்ணனிடம் காட்டினேன். காரணத்தை மட்டும் 'உடல்நலக் குறைவு' என்று திருத்திக் கொடுத்தார். கடிதத்தை இன்னும் ஆபீஸில் கொடுக்கவில்லை. என் மனம் சொல்வதைக் கேட்பதா, நாலு பேர் சொல்வதைக் கேட்பதா?

பதில்: அன்பு மகளுக்கு,

'மனம் சொல்வதைக் கேள், எல்லாம் நல்லபடியாக நடக்கும்' என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். இதே கேள்வி எத்தனையோ பேரிடமிருந்து வந்திருக்கிறது. அந்தப் பதிலால் யாருக்கும் பயன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதனால், நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

உடல்நலக் குறைவு. உனக்கு உடம்புக்கு என்ன? மருந்தும் மாத்திரையுமாக ஒருவர் இருக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத நோயை எழுதிக்கொள்ள எப்படி மனம் வந்தது? அண்ணன் திருத்தினார், சரி. அதைத் திரும்ப அழிக்க உன்னிடம் பேனா இல்லையா?

நோய் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 'எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது' என்றால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். அண்ணன் அதைத்தான் கணக்குப் போட்டார், நீயும் தலையாட்டிவிட்டாய். அப்புறம் என்ன ஆகும் என்று யோசித்தாயா? கூட வேலை பார்த்தவர்கள் உடம்பு எப்படியிருக்கிறது என்று போன் செய்வார்கள், அதற்கு இன்னொரு பொய் வேண்டும். பட்டறை வாசலில் தெரிந்த முகம் வந்தால் உள்ளே ஓடி ஒளிய வேண்டும். இத்தனை ஆசைப்பட்ட வேலையை ஏதோ திருட்டுத்தனம் போலச் செய்யப்போகிறாய். வேலையை விட்ட பிறகும் உன்னை நடத்துவது அந்த நாலு பேர்தான்.

1950களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சோதனை நடத்தினார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்டார். தனியாகக் கேட்டால் நூற்றில் ஒரு பதில்கூடத் தப்பாகாது. ஆனால், முன்பே பேசி வைத்த சிலர் ஒரே தப்பான பதிலைச் சத்தமாகச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்களோடு சேர்ந்து தப்பானது. வாயால் சொல்லாமல் காகிதத்தில் தனியாக எழுதச் சொன்னபோது அந்தத் தப்புகள் வெகுவாகக் குறைந்தன. பெரும்பாலானவர்களின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, நாலு பேர் முன்னால் வாய்தான் திறக்கவில்லை.

உன் கதையும் அதேதான். எனக்கு எழுதிய கடிதத்தில் தடுமாற்றமே இல்லை. இரண்டு வருடம் விடுமுறையெல்லாம் விட்டுக்கொடுத்துப் போய்ப் பார்த்திருக்கிறாய். தொழில் தெரிந்த ஒருவர் உன் கைவேலையைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார். சிரிக்கிற உறவினர்களில் ஒருவராவது நீ செய்த ஒரு முக்காலியைப் பார்த்திருப்பாரா? பார்க்காதவர்களின் சிரிப்பை எதற்காக இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறாய்?

ஆனால் ஒன்று. உறவினர்களின் சிரிப்பையும் அப்பாவின் மருத்துவச் செலவையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. சிரிப்பை உதறிவிடலாம். பெற்றவரின் மருந்துச் செலவை உதற முடியாது, அதை உதறிவிட்டுப் போகிற சுதந்திரத்தை நான் மதிக்கவும் மாட்டேன். பெற்றோருக்கு நாம் கடன்பட்டிருப்பது பராமரிப்பும் உண்மையான பேச்சும். எந்த வேலை செய்ய வேண்டும் என்பதில் கீழ்ப்படிதல் அந்தக் கடனில் சேராது.

கணக்குப் பிரிவில் 11 வருடம் இருந்தவள் நீ, இந்தக் கணக்கை ஏன் போடவில்லை? பாதிச் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மருந்துக்கு எவ்வளவு நிற்கும், கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று எழுது. அண்ணன் பங்கு எவ்வளவு என்று அவரிடமே கேட்டு அதையும் எழுது. கடிதத்தைத் திருத்தத் தெரிந்தவர் அப்பாவுக்கு மகனும்தானே? அப்படியும் துண்டு விழுந்தால் இன்னும் ஒரு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து சேமி. உன் கணக்கைப் பார்த்து நீயே தள்ளிப்போட்டால் அதில் தோல்வி ஒன்றுமில்லை.

இவ்வளவு நீளக் கடிதத்தில் அம்மா, அப்பா என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்களிடம் இன்னும் சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன். உறவினர் வாயிலிருந்து அவர்கள் அதைக் கேட்கும்படி விடாதே. கணக்கு எழுதிய தாளோடு இந்த வாரமே இருவர் முன்னாலும் உட்கார்ந்து பேசு. அம்மா அழலாம், அப்பா கோபப்படலாம். எழுந்து போகாமல் இருந்து கேள், பதில் சொல். அதன் பிறகு ராஜினாமா கடிதத்தைப் புதிதாக எழுது. காரணம் என்ற இடத்தில் 'தச்சுத் தொழிலுக்குப் போகிறேன்' என்று போடு. அண்ணனிடம் காட்டாமல் கொண்டுபோய்க் கொடு.