பாய் பிடிக்கப் பழகலாம், படகுக்குள் நித்திரை கொள்ளப் பழகுவதுதான் கஷ்டம்

கேள்வி: ஐம்பது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் பாய்ப்படகு ஓட்டப் பழகி, வீட்டை விட்டுவிட்டுப் படகிலேயே வாழப் போகலாமா? எங்கிருந்து தொடங்குவது?

போகலாம். நாங்கள் இன்னும் போகவில்லை, ஆயத்தத்தில் பாதி வழியில் நிற்கிறோம். அதனால் இதைப் பாதிப் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முல்லைத்தீவுப் பக்கம், அளம்பில். நான் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன், மனைவி தையல் வேலை செய்கிறவள். கடற்கரையில் வாழ்ந்தும் இருவருக்கும் படகு தெரியாது. 2022இல் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் படகுகள் கரையில் கிடக்க, பக்கத்து வீட்டுப் பெரியையா மட்டும் தன் பழைய வள்ளத்துக்குப் பாய் தைக்க வேண்டுமென்று ஒரு தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு மனைவியிடம் வந்தார். தைத்துக் கொடுத்தாள். கூலி வேண்டாம், எங்களையும் ஏற்றிப் பழக்குங்கள் என்றாள். கேட்டது அவள்தான், நானில்லை.

அவர் எங்களைக் கடலுக்குக் கொண்டுபோகவில்லை, நாயாற்றுக் களப்புக்குக் கொண்டுபோனார். காரணம் பிறகுதான் விளங்கியது. அந்த மாதங்களில் எங்கள் பக்கம் சோளகக் காற்றும் கச்சான் காற்றும் பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். புதியவர்கள் ஏமாறுவது இதில்தான். போவது சுகம், திரும்பி வருவது எதிர்க்காற்றில். எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு நேர் எதிரே ஓடாது. நல்ல படகென்றால் காற்றின் திசையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமும் மாறி மாறி ஏற வேண்டும். அடியில் ஆழமாக இறங்கும் பலகை எதுவும் இல்லாத எங்கள் வள்ளம் ஏறுவதைவிடப் பக்கவாட்டில் வழுக்குவதே அதிகம். களப்பில் வழுக்கினால், அது கடலோடு சேரும் தொடுவாய் மணலில் போய் முட்டும். கடலில் வழுக்கினால் வங்காள விரிகுடா.

மூன்றாம் நாளே முட்டினோம். காற்று திடீரென்று ஏற, நான் பாயின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். வள்ளம் சரிந்து தண்ணீர் உள்ளே வந்தது. “தம்பி, விடும்! கயிற்றை விடும்!” என்று பெரியையா கத்துகிறார். எனக்குக் கை திறக்கவில்லை. மனைவி எட்டி என் விரல்களைப் பிரித்தாள். பாய் படபடத்தது, வள்ளம் நிமிர்ந்தது, மெதுவாக மணலில் ஏறி நின்றது. பயந்தவனுக்கு இறுக்கிப் பிடிக்கத்தான் தோன்றும், ஆனால் பாய் விஷயத்தில் அதுதான் கவிழ்க்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்கு. இந்தக் கணக்கைப் படிப்பித்தவன் நான்! ஆகவே, பாயைச் சுருக்கலாமோ என்று முதல் முறை நினைக்கும்போதே சுருக்கிவிடுங்கள்.

அப்புறம் அனுமதி விசாரிக்கப் போன இடத்தில், மீன் பிடிக்கவில்லையென்றால் எதற்குக் கடலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

2024இல் சிட்னியிலிருக்கும் மச்சான் கூப்பிட்டார். அங்கே பிட்வாட்டர் என்ற நீர்ப்பரப்பில் அவருடைய 30 அடிப் படகில் பதினொரு இரவு இருந்தோம். ஓட்டுவதில் மனைவி என்னை முந்தி எங்கோ போய்விட்டாள். நங்கூரம் போடுவதில்தான் எனக்குக் கொஞ்சம் மரியாதை. ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும், வெறும் கயிறென்றால் ஏழு மடங்கு. கணக்கு பார்க்கும்போது படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே நிற்கும் உயரத்தையும் ஆழத்தோடு கூட்ட மறக்காதீர்கள்.

இவ்வளவும் பழகக்கூடியவை. குறைந்த சாமானோடு வாழ்வதை மற்றவர்கள் படித்துப் பழக வேண்டியிருக்கும், எங்களுக்கு அது தெரியும். 2008 கடைசியில் யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது வீட்டை உழவு இயந்திரப் பெட்டிக்குள் அடக்கியவள் அவள். தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி, மாத்தளன் வரை கொண்டுவந்து, அங்கே விட்டாள். மச்சானின் படகில் ஏறிய அன்று சமையல் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதிப் பாத்திரத்தைக் கரைக்கு அனுப்பினாள். ஒரு போத்தல் தண்ணீரில் எப்படிப் பாத்திரம் கழுவுவது என்று மச்சான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவள் சிரிக்கவுமில்லை.

ஆனால் முதல் இரவு அணியத்துப் பக்க, அதாவது படகின் முன்பக்கப் படுக்கையில் அவளால் படுக்க முடியவில்லை. எழும்பி இருந்தால் தலை இடிக்கும் கூரை, ஒரே ஒரு வாசல், மேலே யாரோ நடக்கும் சத்தம். “இஞ்சேருங்கோ, இது பங்கர்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. போர்வையை எடுத்துக்கொண்டு வெளியே சுக்கானடியில் போய்ப் படுத்தாள். நானும் போனேன். பதினொரு இரவில் உள்ளே படுத்தது நான்கு, அதுவும் மேல் மூடியைத் திறந்து வைத்து. இரண்டு நாள் மழை உள்ளே வந்தது. பரவாயில்லை என்றாள்.

ஆகவே எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், படகு வாங்குவதில் தொடங்காதீர்கள். யாருடைய படகிலாவது பத்து இரவாவது படுத்துப் பாருங்கள். உங்களுக்கு உள்ளே கிளம்புவது வேறு ஏதாவதாக இருக்கலாம், அது கரையில் தெரியாது.

நாங்கள் இப்போது பழைய படகு விளம்பரங்கள் பார்க்கிறோம். நான் விலையையும் எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தையும் பார்க்கிறேன். அவள் படுக்கைக்கு மேலே திறக்கும் மூடி எத்தனை அங்குலம் என்று கேட்டு எழுதச் சொல்கிறாள். போன கிழமை ஒருவர் அளந்து பார்த்து 20 என்று பதில் அனுப்பினார். தன் தையல் நாடாவை நிலத்தில் விரித்துப் பார்த்தாள். “இதற்குள்ளால் நீங்கள் வரமாட்டியள்” என்றாள்.