க்ரீன் வீடுன்னா சோலார், மழைநீர் தொட்டிதானே, இதுல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு என்ன வேலை?

நான் அந்த கம்பி கணக்கு போடுற ஆளுதாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். சோலார் பேனலை வீடு கட்டி பத்து வருஷம் கழிச்சு கூட மாட்டிக்கலாம், ஆனா கொட்டின சிமெண்டை திரும்ப அள்ள முடியாது, அது எவ்ளோன்னு முடிவாகுறது எங்க டிராயிங்லதான்.

உலகத்துல மனுஷங்களால வெளியாகுற கார்பன் டை ஆக்சைடுல ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமெண்டால வருது. சூளைல எரிக்கிற நிலக்கரி மட்டும் காரணம் இல்ல, சுண்ணாம்புக்கல்லே சூட்டுல உடைஞ்சு கார்பனை விடுது, பாதிக்கு மேல அதுதான். அதனால சிமெண்ட் செலவை குறைக்கிறது ரொம்ப முக்கியம்.

ஒரு சிலாபையே (கான்கிரீட் கூரைத் தளம்) பாருங்க. 5 இஞ்ச் சிலாப் சதுர மீட்டருக்கு 310 கிலோவுக்கு மேல இருக்கும். வீட்டுல ஆளு, கட்டில், பீரோ எல்லாத்துக்கும் சேத்து கட்டட விதிப் புத்தகத்துல (கோட்) சதுர மீட்டருக்கு சொல்றது 200 கிலோதான், அப்போ சிலாப் பெரும்பாலும் தன் எடையத்தான் தாங்கிட்டு நிக்குது. இப்ப 1000 சதுர அடிக்கு மேஸ்திரி "சேஃப்டிக்கு 6 இஞ்சா போட்ருவோம் சார்"னு சொல்லி நீங்களும் சரின்னுட்டா, எம்20ன்னு சொல்ற வழக்கமான கான்கிரீட் கலவைல 18 மூட்டை சிமெண்ட் கூட போகும், 6 டன் கிட்ட எடை ஏறும், அதை தாங்க பீம், பில்லர், ஃபுட்டிங் (அஸ்திவாரம்)னு எல்லாம் பெருசாகும், பூகம்பம் வந்தா விசையும் எடைக்கு தகுந்த மாதிரிதான் வரும். எடை ஏத்தினா சேஃப்டி வந்துடாதுங்க.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் என்னன்னா பிளான் முழுசா முடிஞ்ச பிறகுதான் எங்க கைக்கு வருது. மேல் மாடி சுவர் 2 அடி தள்ளி இருக்கும், கீழ் பில்லருக்கு நேரா மேல பில்லர் வராது, அந்த ஒண்ணுக்காக பெரிய பீம் போடணும். முதல் நாளே கூப்பிட்டிருந்தா சுவரை நகர்த்தியே முடிச்சிருக்கலாம். நல்ல மண்ணுல ரெண்டு மாடி வரைக்கும் ஒழுங்கான லோடு பேரிங் சுவரே, அதாவது பில்லர் இல்லாம எடைய தானே தாங்குற சுவரே, பல இடத்துல போதும், இப்ப எல்லாருக்கும் பில்லர் போட்டாதான் திருப்தி.

கேரளாவுல லாரி பேக்கர்ங்கிற கட்டடக் கலைஞர் செஞ்ச ஃபில்லர் சிலாப் தெரியும்ல, சிலாபோட அடிப்பாதியில இழுவிசைய தாங்குறது கம்பிதான், அங்க இருக்குற கான்கிரீட் சும்மாதான் கிடக்குது, அந்த இடத்துல மங்களூர் கூரை ஓடுகளை வச்சுட்டாரு. சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டும் நல்லதுதான், ஆனா மெதுவா இறுகும், நம்ம வெயிலுக்கு 14 நாள் தண்ணி கட்டணும், ஏழாம் நாள் நிறுத்திடாதீங்க.

கடைசியா ஆயுசு. கடலோர வீட்டுக்கு ஐஎஸ் 456ன்னு கான்கிரீட்டுக்கான இந்திய விதி, கம்பிக்கு 45 மிமீ கவர் (கம்பிய மூடுற கான்கிரீட் கனம்) கேக்குது. சைட்ல கவர் பிளாக் (அந்த இடைவெளிக்காக கம்பிக்கு அடியில வைக்கிற சின்ன கட்டை) இல்லாம ஜல்லிய முட்டு கொடுத்து கம்பிய தூக்கி வச்சிருப்பாங்க, கான்கிரீட் கொட்டுறவங்க மேல நடந்ததும் ஜல்லி நகர்ந்து கம்பி பலகையில போய் படுத்துக்கும், அப்புறம் உப்புக்காத்துல துருப்பிடிச்சு சிலாப் அடிப்பக்கம் பேந்து விழும். சீக்கிரமே இடிச்சு கட்டினா அத்தனை சிமெண்டும் இன்னொரு தடவ செலவு. கான்கிரீட் போடுற அன்னிக்கு காலையில நீங்களே போய் கவர் பிளாக் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க, இல்லன்னா கான்கிரீட் லாரிய நிறுத்தி வைங்க.