அழ வைத்த நாவலை மேடையில் எப்படிப் பேசுவது?

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் அமெரிக்க நாவல்களைப் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும். ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ படித்து அழுதேன். நண்பரோ “அது வெறும் செண்டிமெண்ட்” என்கிறார். சமூக நீதி பேசும் கதையில் உணர்ச்சி இருந்தால் தப்பா? எதை வைத்துப் பிரித்துச் சொல்வது?

பதில்: அழுததில் தப்பே இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நம் ஊரில் செண்டிமெண்ட் என்றால் அம்மா பாசமும் உண்டு, ராசியான சட்டையும் உண்டு. விமர்சகர்கள் சொல்வது இரண்டையும் அல்ல. கதையில் ஒருவர் படும் பாட்டை விட்டுவிட்டு, அதைப் பார்த்து இளகுகிற நம் மனசையே நாம் ரசிக்கத் தொடங்கிவிடுகிறோமே, அந்த இடத்தைத்தான் மிகையுணர்ச்சி என்கிறார்கள்.

சண்டை பழசுதான். ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ 1852இல் வந்தது. அடிமை முறையை எதிர்த்த அந்த நாவல் முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் சுமார் 3 லட்சம் பிரதிகள் போனது. 1949இல் ஜேம்ஸ் பால்ட்வின் என்ற 24 வயது கறுப்பின எழுத்தாளர் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். இப்படிக் கொட்டிக் காட்டப்படும் உணர்ச்சி நேர்மையின்மையின் அடையாளம் என்பது அவர் வாதம். அதே கட்டுரையில், தனக்கு முன்பு உதவிய மூத்த கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவலையும் சேர்த்து அடித்தார். அதோடு அந்த உறவும் முறிந்தது.

இதில் ரைட் பக்கத்துக் கதையை அவசியம் சொல்லுங்கள். 1938இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பைப் படித்துப் பலர் உருகினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. வங்கிக்காரர்களின் மகள்கள்கூடப் படித்து அழுதுவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடிய புத்தகத்தை எழுதிவிட்டோமே என்று நொந்துகொண்டார். அடுத்த புத்தகத்தில் வாசகருக்குக் கண்ணீர் என்ற ஆறுதலே கிடைக்கக் கூடாது என்று முடிவு செய்தார். 1940இல் வந்த ‘நேட்டிவ் சன்’ அப்படிப் பிறந்ததுதான்.

அதில் பிக்கர் தாமஸ் என்ற கறுப்பின இளைஞனின் குடும்பம் சிகாகோவில் ஒற்றை அறையில் இருக்கிறது. முதல் காட்சியிலேயே எலியை வாணலியால் அடித்துக் கொல்கிறான். அவனுக்கு வேலை கொடுக்கும் டால்ட்டன் கறுப்பர்களுக்கு வாரி வழங்கும் நல்ல மனிதர், சிறுவர் மன்றத்துக்கு டேபிள் டென்னிஸ் மேசை அனுப்பியவர். அந்த எலி அறைக்கு வாடகை வாங்கும் நிறுவனமும் அவருடையதுதான்! ரைட் இங்கே இரக்கத்தைத் திட்டவில்லை. வாடகை ரசீதை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கிறார், அவ்வளவுதான்.

சரி, உங்கள் நாவலுக்கு வருவோம். நீங்கள் அழுதது எந்த இடத்தில்? வழக்கு தோற்றபின் வெள்ளைக்கார வக்கீல் ஆட்டிகஸ் வெளியேறும்போது, நீதிமன்ற மாடத்தில் இருக்கும் கறுப்பின மக்கள் எழுந்து நிற்கும் காட்சி என்றால், அந்தக் கண்ணீர் போய்ச் சேர்வது ஆட்டிகஸுக்கு. அவர் யாருக்காக வாதாடினாரோ அந்த டாம் ராபின்சன், பொய்க் குற்றச்சாட்டில் தண்டனை பெற்ற கறுப்பர், சிறையிலிருந்து தப்ப முயலும்போது 17 குண்டுகள் பாய்ந்து சாகிறான். அந்தச் செய்தியோடு ஆட்டிகஸ் வந்து நிற்பதைப் பார்த்ததுமே அவன் மனைவி ஹெலன் மண்ணில் விழுவதையோ, பக்கத்தில் நின்று பார்த்த ஒரு சிறுவன் சொல்லித்தான் நாம் கேள்விப்படுகிறோம். கதை சொல்வது சிறுமி, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நாவலாசிரியர் ஹார்ப்பர் லீக்காக வாதாடலாம், நானும் ஓரளவு ஒப்புக்கொள்வேன். ஆனாலும் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு.

இதற்கு நேர் எதிர் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987). அடிமை வாழ்க்கைக்குத் திரும்பக் கூடாதென்று ஒரு தாய் தன் குழந்தையைக் கொல்கிறாள். 1856இல் உண்மையில் நடந்ததை ஒட்டிய காட்சி. எழுத்தாளர் நினைத்திருந்தால் பிழிந்தெடுத்திருக்கலாம். மாரிசனோ அந்தக் காட்சியை, அவளைப் பிடித்துக்கொண்டுபோக வந்தவர்களின் கண் வழியே சொல்கிறார். இனி இங்கிருந்து கொண்டுபோக ஒன்றும் மிச்சமில்லை என்று அவர்கள் நஷ்டக் கணக்குப் பார்க்கிறார்கள். அழத் தயாராக வந்த வாசகருக்கு அங்கே உட்காரக்கூட இடமில்லை.

அதற்காக, வறண்டு எழுதினால்தான் உயர்ந்தது என்று நண்பர் சொல்ல வந்தால் விடாதீர்கள். ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1939) நாவலின் 15ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் இழந்து கலிஃபோர்னியாவுக்குப் போகிற ஒருவர், சாலையோர உணவகத்தில் 10 செண்டுக்கு ரொட்டி கேட்கிறார். ரொட்டி 15 செண்ட். பரிமாறுகிற மே என்ற பெண் முதலில் முறுக்கிக்கொள்கிறாள், சமையல்காரர் அதட்டியதும் கொடுக்கிறாள். காசு எடுக்கும்போது கூடவே ஒரு செண்ட் ஒட்டிக்கொண்டு வருகிறது. அவருடைய இரண்டு பையன்களும் மிட்டாயைப் பார்த்தபடி உறைந்து நிற்கிறார்கள். விலை கேட்கிறார். “ஒரு செண்டுக்கு ரெண்டு” என்கிறாள் மே. அவர்கள் போனபின் ஒரு லாரி ஓட்டுநர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது, அது ஒன்றே 5 செண்ட் மிட்டாய். உனக்கென்ன என்று அவரிடம் சீறுகிறாள். ஓட்டுநர்கள் சாப்பிட்ட விலையைவிட அதிகக் காசு வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

இதுவும் தொண்டையை அடைக்கும். ஆனால் யாரும் யாருக்கும் நன்றிப் பேச்சுப் பேசுவதில்லை. அந்தக் குடும்பம் இன்னும் ஆயிரம் மைல் போக வேண்டியதிலும் மாற்றமில்லை.

20 நிமிடத்தில் 5 நிமிடத்தை இந்தக் காட்சிக்கு ஒதுக்கி, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். மிட்டாயின் நிஜ விலையை மட்டும் முன்கூட்டியே உளறிவிடாதீர்கள், லாரி ஓட்டுநர் வரும்வரை கூட்டம் காத்திருக்கட்டும்.