புது காரில் இன்ஜின் ஆயிலை முதல் முறை எப்போது மாற்றுவது?

கேள்வி இதுதான்: சென்னைக்குள் ஓடும் புது பெட்ரோல் கார். வாங்கி எட்டு மாதம் ஆகிறது, ஓடியது 4,200 கிலோமீட்டர். தெரிந்த மெக்கானிக், "ஆயிரத்திலேயே ஆயிலை மாத்தியிருக்கணும் சார்" என்கிறார். வண்டியோடு வந்த கையேடு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

கையேட்டின் பேச்சைத்தான். ஆனால் அட்டவணையில் கொட்டை எழுத்தில் இருப்பதோடு நிறுத்தாமல், அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மெக்கானிக் சொல்வதும் ஒன்றும் கட்டுக்கதை இல்லை. அம்பாசிடர், பத்மினி காலத்தில் புது வண்டியின் பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். சிலிண்டர் சுவரும் பிஸ்டன் ரிங்கும் உரசி உரசித்தான் ஒன்றுக்கொன்று படியும். அப்படி உரசும்போது உதிரும் இரும்புத் துகள் எல்லாம் ஆயிலில்தான் சேரும். அதைச் சீக்கிரம் இறக்கிவிடுவதுதான் அன்றைக்குப் புத்திசாலித்தனம். பைக்குகளில் இன்றைக்கும் முதல் சர்வீஸில், அதாவது 500 முதல் 1,000 கி.மீ.க்குள், ஆயிலை மாற்றுகிறார்கள். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் ஊறுவதால் அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. நாள் முழுக்க பைக்கும் பழைய காரும் பார்க்கிற ஒருவர் அதே கணக்கைப் புது காருக்கும் சொல்வது இயல்புதான்.

ஆனால் காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். இப்போதைய இன்ஜின்களில் சிலிண்டர் சுவரை மெருகேற்றும் வேலை தொழிற்சாலையிலேயே மிக நுணுக்கமாக நடந்துவிடுகிறது. மிச்சம் உதிர்வதை ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பல கம்பெனிகளின் 1,000 கி.மீ. இலவச சர்வீஸ் என்பது வெறும் பரிசோதனையும் தண்ணீர்க் கழுவலும்தான். தொழிற்சாலையில் ஊற்றிய முதல் ஆயிலை அவசரப்பட்டு இறக்க வேண்டாம் என்று சில ஹோண்டா கையேடுகள் நேரடியாகவே எழுதியிருக்கின்றன. ஆக, ஆயிரத்தில் மாற்றாமல் விட்டதால் உங்கள் இன்ஜினுக்கு ஒரு கேடும் வந்துவிடவில்லை.

இப்போது அந்தப் பொடி எழுத்து. 'கடினமான சூழல்' என்ற தலைப்பில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும்: அடிக்கடி குறுகிய தூரப் பயணம், நின்று நின்று நகரும் போக்குவரத்து, புழுதி, தொடர்ந்து மலை ஏற்றம். இப்படி ஓடும் வண்டிக்குப் பல கையேடுகளில் இடைவெளி ஏறக்குறைய பாதி. படித்துவிட்டு, இது ராஜஸ்தான் பாலைவனத்துக்கோ கொல்லிமலைக்கோ எழுதியது என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மாலை ஆறு மணி கத்திப்பாராவும் அந்தப் பட்டியலில் சேர்த்திதான்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போடலாம். பல கார்களின் டிஸ்ப்ளேயில் சராசரி வேகம் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும், மைலேஜ் காட்டுமே, அதற்குப் பக்கத்தில். அதை ஒரு முறை பாருங்கள். நகரத்துக்குள் மட்டும் ஓடினால் மணிக்கு 17, 18 கி.மீ. என்றுதான் இருக்கும். 17 என்று வைத்துக்கொண்டால், உங்கள் 4,200 கி.மீ.க்கு இன்ஜின் ஓடியது சுமார் 247 மணி நேரம். நான்கு வழிச் சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் மதுரைக்குப் போய்வரும் ஒருவரின் வண்டி அதே 247 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 15,000 கி.மீ. ஓடியிருக்கும். சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும் ஒரு மணியும் நெடுஞ்சாலையில் இழுக்கும் ஒரு மணியும் ஆயிலுக்குச் சமமில்லைதான், அதனால் இது துல்லியமான அளவுகோல் ஆகாது. ஆனாலும் ஓடோமீட்டரை மட்டும் நம்பி "இன்னும் பாதி கூட ஓடலையே" என்று இருப்பதைவிட இது உண்மைக்குப் பக்கத்தில் வரும். நான் என் காருக்கு இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறேன்.

குறுகிய தூரம் ஏன் ஆகாது என்றால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் கூடுதலாகப் பீய்ச்சப்படுகிறது. எரியாத கொஞ்சம் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது, கூடவே ஈரமும். நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடான பிறகும் ஆயில் முழுச் சூட்டுக்கு வர இன்னும் நேரம் பிடிக்கும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டரில் வீடு திரும்பும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. குளிர் நாடுகள் அளவுக்கு நமக்கு ஈரத்தொல்லை கிடையாது, ஆனால் பெட்ரோல் கலப்பது இங்கேயும் நடக்கும். உங்களுடையது டர்போவும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை) உள்ள சின்ன இன்ஜின் என்றால் இன்னும் கவனம் தேவை. அவற்றில் பெட்ரோல் கலப்பு அதிகம், டர்போவின் சூட்டையும் அதே ஆயில்தான் தாங்குகிறது.

அதனால் உங்களுக்கு என் பதில்: தினமும் அரை மணிக்கு மேல், பெரிய நெரிசல் இல்லாமல் ஓடுகிறது, எப்போதாவது ஊருக்கும் போய்வருகிறீர்கள், டர்போ இல்லை என்றால் ஒரு வருடம் முடியும் வரை தாராளமாக விடுங்கள். அன்றைக்கு 6,000 கி.மீ.தான் ஓடியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு, 10,000 வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாறாக, பள்ளி, காய்கறிக் கடை, கோயில் என்று சின்னச் சின்ன ஓட்டம்தான், அல்லது பெரும்பாலும் நின்று நின்று நகரும் நெரிசல்தான், அல்லது டர்போ வண்டி என்றால் இப்போதே ஒரு முறை மாற்றுங்கள். சின்ன பெட்ரோல் காருக்கு மூன்று, நான்கு லிட்டர் ஆயில், ஒரு ஃபில்டர், அவ்வளவுதான் செலவு. ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றாதீர்கள். டீசல் வண்டிக்கு இந்தப் பதில் பொருந்தாது, பிஎஸ்6 டீசலின் புகை வடிகட்டி தனிக் கதை.

கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் ஆயிலின் வேலை, கறுப்பது அந்த வேலையைச் செய்வதால். நிறத்தைவிட அளவு முக்கியம். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, உருவுங்கள். முதல் முறை வருவதை நம்ப வேண்டாம். பனியன் துணியில் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவே கோடு தெளிவாகத் தெரியும். குறி குறைந்துகொண்டே வந்தாலும் கவலை, போன தடவையைவிட ஏறியிருந்தாலும் கவலை. ஏறியிருந்து மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் நெடி அடிக்கிறதா, எட்டு மாதமோ ஒரு வருடமோ என்று பார்க்காமல் வண்டியைக் காட்டிவிடுங்கள்.

கிரேடு, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண், அந்த விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார்" என்று 20 டபிள்யூ 40 கேனைத் தூக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையேடு 0 டபிள்யூ 20 என்றால் அதுவேதான். அந்த இன்ஜினின் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் அந்த மெல்லிய ஆயிலுக்காகச் செய்தவை. வாரண்டி இருக்கும் வரை கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே மாற்றி, கி.மீ., தேதி, கிரேடு மூன்றும் பில்லில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவையுங்கள்.

அங்கே போனால் சர்வீஸ் அட்வைசர் 'இன்ஜின் ஃப்ளஷ்' என்று ஒரு வரியை எஸ்டிமேட்டில் சேர்ப்பார். எட்டு மாத இன்ஜினில் கழுவி எடுக்க என்ன இருக்கிறது? அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள். சாவி கைக்கு வந்ததும் கேட்டைத் தாண்டுவதற்குள் டிப்ஸ்டிக்கை ஒரு தடவை பாருங்கள். மேல் குறிக்கு மேலே ஊற்றியிருந்தால் நின்று இறக்கச் சொல்லலாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி அப்பாயின்ட்மென்ட்தான்.